சுவரில் ஏறிய ஆறு

சிங்ஹோங் என்ற ஆற்றங்கரை ஊரின் சந்தையில் சுட்ட மீன் விற்கும் யூலா, எதிர்ச்சுவரில் தன் முகம் முளைப்பதைப் பார்த்தபோது, அவள் கையில் ஒரு கெண்டை பாதி வயிறு கிழிந்த நிலையில் இருந்தது.

புது ஓட்டலின் முகப்புச் சுவர் அது. கோயில் சுவர்களில் புத்தர் கதைகள் தீட்டும் கனான் திப், மூங்கில் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து சில நாட்களாக என்னவோ வரைந்துகொண்டிருந்தார். முதலில் மேகம் வந்தது. பிறகு அவிழ்ந்த கூந்தல் வந்தது. அதுவரை சந்தையில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அன்று காலை உதடு வந்தது. மேலுதட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு, சிரிப்பை அடக்கி வைத்த மாதிரி. அந்த மடிப்பு அந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருத்தி யூலா. இன்னொருத்தி, பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சைப்புல்லால் மீனைக் கட்டிக்கொண்டிருந்த அவளுடைய மகள் யூஹன்.

"ஏ மீஹன்!" பன்றிக்கறிக் கடை மீகேவ் வெட்டுக்கத்தியைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். "உன் காலண்டர் சுவத்துல ஏறிடுச்சுடி!"

முதல் பிள்ளை பிறந்துவிட்டால் அங்கே பெற்றவர்களின் பெயர் மறைந்துபோகும். யூஹனைப் பெற்றதிலிருந்து ஊருக்கு அவள் மீஹன், ஹனின் அம்மா. கணவன் போஹன், ஹனின் அப்பா. ஆனால் காலண்டர் என்ற பட்டப்பெயர் அதற்கெல்லாம் முன்பே ஒட்டிக்கொண்டது. பிள்ளை பிறந்தும் அது போகவில்லை.

அவளுக்குப் பதினெட்டு வயதில் நடந்த கதை. மாகாணத் தலைநகர் குன்மிங்கிலிருந்து ஓர் ஓவியர் வந்திருந்தார். துணித் தொப்பி, மூக்கில் வழுக்கும் கண்ணாடி. ஆற்றோரத்துப் பெண் ஒருத்தியை வரைய வேண்டும் என்றார். ஊர்த்தலைவர் யூலாவைக் கைகாட்டினார். அழகு காரணமில்லை, காலில் முள் குத்தி, நாற்று நட வராமல் அன்று சும்மா இருந்தவள் அவள் ஒருத்திதான். நெல் காயும் களத்தில் ஒரு மூங்கில் முக்காலி போட்டார்கள். கழுத்துவரை மூடிய ரவிக்கையும் கணுக்கால்வரை சுற்றிய பாவாடையுமாக வெயில் சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. சிரிப்பு வந்தது, அடக்கினாள். அந்த நொடியைத்தான் அந்த மனிதர் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. போகும்போது ஒரு பை மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது.

அடுத்த வருஷம் காலண்டர் வந்தது. முகம் அவளுடையது. முகத்துக்குக் கீழே இருந்தது யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கொக்குக் கழுத்து. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் இடுப்பு. தோளில் ஒரு மண்குடம், காலடியில் ஒரு மயில், உடம்பில் ஒரு நூல் கிடையாது. கணுக்காலளவு தண்ணீரில் நிற்கிறாள். பாவாடை கரையில் ஒரு பாறைமேல் கிடக்கிறது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது அந்தப் பாவாடையைப் பார்த்துத்தான். அந்த ஊர் லூ இனத்துப் பெண்கள் மாலையில் பாவாடையோடுதான் ஆற்றில் இறங்குவார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் பாவாடை முழங்காலுக்கு ஏறும். இடுப்புக்கு வந்தால் இடுப்புக்கு. தண்ணீர் கழுத்தைத் தொடும்போது அது தலையில் முண்டாசாகிவிடும். கரையேறுகையில் தண்ணீர் இறங்க இறங்கத் துணியும் இறங்கும். நடுவில் ஒரு விரல் இடைவெளி தெரியாது. சின்னப் பெண்கள் நடை பழகுவது போல இதையும் பழகிவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி ஆண்கள் மாடு கழுவிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்க ஒன்றும் இருப்பதுமில்லை.

"பாவாடைய பாறையில வெச்சுட்டு எங்கடி போற? மயிலு தூக்கிட்டுப் போயிரப் போகுது!"

"குடத்துக்கு மட்டும் ஒரு துணி கட்டியிருக்கலாம். பாவம், குளிரும்."

அப்போது அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்த ரப்பர் தோட்டத்து இளைஞனும் ஒரு காலண்டர் வாங்கியிருக்கிறான் என்று காதில் விழுந்தது. சண்டை போடுவதற்கென்றே அவன் வீட்டுக்குப் போனாள். சுவரில் காலண்டர் தொங்கியது. சிகரெட் பெட்டித் தாளை வெட்டி, சோற்றுப் பசையால் ஒட்டி, அந்தப் பெண்ணுக்கு மார்பிலிருந்து கணுக்கால்வரை பாவாடை கட்டிவிட்டிருந்தான்.

"தண்ணி கம்மியாத்தானே இருக்கு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவனைத்தான் கட்டிக்கொண்டாள்.

படம் அதன்பிறகு எங்கெங்கோ போய்விட்டது. பிஸ்கட் டப்பாவில் வந்தது, பீங்கான் தட்டில் வந்தது, விமான நிலையக் கடையின் விசிறியில் வந்தது. யூலா பழகிக்கொண்டாள். உடம்பு பெருத்தது. மீன் செதில் பட்டுப் பட்டுக் கை சொரசொரத்தது. விசிறியில் இருக்கும் முகத்தையும் அடுப்புக்கு முன்னால் இருக்கும் முகத்தையும் வெளியாட்கள் யாரும் முடிச்சுப் போடாத வயதுக்கு வந்துவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆனாலும் எப்போதாவது தலை துவட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது அந்தக் கொக்குக் கழுத்து நினைவுக்கு வரும். யாரோ வந்து முகத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, மிச்சம் வேண்டாம் என்று களத்திலேயே போட்டுவிட்டுப் போனது போலிருக்கும். இதை அவள் போஹனிடம்கூடச் சொன்னதில்லை.

சுவரில் படம் இடுப்புவரை இறங்கிய அன்று தொல்லை ஆரம்பித்தது. ஓட்டலில் தங்க வந்தவர்கள் சந்தைக்குள் நுழைந்ததும் யூஹனைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி யூஹனைப் பார்த்தார்கள். போன்கள் எழும்பின.

"தங்கச்சி, அது நீதானே?"

"கொஞ்சம் கூந்தல அவுத்து விடும்மா. ஒரே ஒரு போட்டோ."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "சாயங்காலம் எந்தத் துறையில குளிப்ப?"

யூஹன் சுட்ட மீனை வாழை இலையில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். "எங்கப்பா மாடு கழுவுற துறையில. வாங்களேன், உங்களையும் சேத்துத் தேய்ச்சு விடுவாரு."

சந்தை கொல்லென்று சிரித்தது. மீகேவ் கத்தியின் பின்பக்கத்தால் பலகையில் தட்டித் தாளம் போட்டாள். அவன் மீனை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை யூலா மாற்றுப் பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பியபோது, மகள் வரவில்லை. "தலை வலிக்குதும்மா" என்றாள். யூலா திரும்பி வந்தபோது வீட்டுக்குப் பின்னால் தகரத் தடுப்புக்குள் குழாய் கொட்டும் சத்தம் கேட்டது. மறுநாளும் குழாய்தான் கொட்டியது. அதற்கு மறுநாளும்.

யூலா மூங்கில் ஏணிப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஊர் சிரித்தபோதுகூட அவள் ஒரு நாளும் ஆற்றை விட்டதில்லை. இவள் விட்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு சுவத்துலேருந்து இறங்கியாகணும்," என்றாள் கணவனிடம். "புத்தாண்டு முடியறதுக்குள்ள."

"எப்படி?"

"தெரியல. ஆனா இறங்குவா."

முதலில் நேர்வழியில் போனாள். ஓட்டல் மேனேஜரம்மா லுவோ வெளிமாகாணத்தவள், சிச்சுவான்காரி. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, மார்பில் பெயர்த்தகடு. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து யூலாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நடிப்பில்லை, உண்மையான சந்தோஷம்.

"அக்கா! அது நீங்களா? நாடு பூரா தெரிஞ்ச படம். நீங்க எவ்வளவு பெருமைப்படணும்!"

"வர்றவங்க என் மகளைப் பாக்கறாங்க."

"அழகா இருந்தா பாக்கத்தான் செய்வாங்க. உங்க ஆளுங்களுக்கு எங்கள மாதிரி உடம்பப் பத்திக் கூச்சமே கிடையாது. ஆறு, வெயிலு, மயிலுன்னு இயற்கையோட இருக்கீங்க. எங்களுக்கெல்லாம் வாய்க்காத வரம் அக்கா அது."

"எங்களுக்குக் கூச்சம் கிடையாதுன்னு யாரு சொன்னாங்க?"

மேனேஜரம்மா சிரித்தாள். "படத்தைப் பாத்தாலே தெரியுதே!"

யூலா கைகளை உருவிக்கொண்டாள். மேனேஜரம்மா வாசல்வரை வந்து, ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்: "கவலையே படாதீங்க. திருவிழா முடிஞ்சதும் குன்மிங்லேருந்து ஆள் வந்து மேல வார்னிஷ் அடிக்கிறாங்க. அப்புறம் உங்க பேத்தி காலத்துக்கும் அழியாது."

அடுத்து ஊர்த்தலைவரிடம் போனாள். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஓட்டலோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். அதோடு சரி.

படம் முடிந்த அன்று நண்பகலில் யூலா மீன் வாளியைக் கழுவி, தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் வீசினாள். கொஞ்சம் தவறிச் சுவரில் பட்டது. சுவரிலிருந்த பெண்ணின் கால் கட்டைவிரல் கரைந்து வழிந்து ஓடியது.

யூலா குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலில் பழுப்புச் சாயம்.

"கனான் அண்ணா," என்று கூப்பிட்டாள். "கட்டைவிரல் போச்சு."

கனான் திப் இளமையில் துறவியாக இருந்து ஊர் திரும்பியவர். இன்றும் வேகமாக நடக்க மாட்டார். மெல்ல வந்து கண்களைச் சுருக்கிப் பார்த்தார். "தண்ணி பட்டிருக்கு."

"பட்டா போயிருமா?"

"என் சாயம் அப்படித்தான். கோயில்ல போடற அதே பொடி, அதே மாட்டுத்தோல் பசை. கைக்கு அதுதான் பழக்கம்."

"இது வெளிச்சுவராச்சே?"

"மழைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. அதுக்குள்ள வார்னிஷ் அடிச்சுருவாங்க."

யூலா சாலையைப் பார்த்தாள். புத்தாண்டு வியாபாரத்துக்காகக் கடைக்குக் கடை பிளாஸ்டிக் வாளிகளும் பேசின்களும் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"வானத்துலேருந்து மட்டுமா தண்ணி வரும், அண்ணா?"

கனான் அவள் பார்த்த திசையில் பார்த்தார். அவருடைய சித்திரங்கள் எல்லாம் கோயிலுக்குள்ளே, தாழ்ந்த கூரைக்கு அடியில் இருப்பவை. நனையக்கூடும் என்று அவற்றைப் பற்றி ஒரு நாளும் அவர் யோசித்ததில்லை. ஊரே ஊர்மேல் தண்ணீர் ஊற்றும் புத்தாண்டு வாரத்தில், கரையும் சாயத்தில் ஒரு தெருச்சுவரையே நிரப்பி வைத்திருந்தார்.

"ஐயையோ," என்றார்.

யூலாவின் மேலுதட்டு மடிப்பு லேசாக ஏறியது. கனான் சுவரிலிருந்த உதட்டை அண்ணாந்து பார்த்தார். எதிரே இருந்த உதட்டைப் பார்த்தார். குழாயில் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு கடையில் குனிந்திருந்த யூஹனையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அதே பொடியை அதே பசையில் குழைத்து, கட்டைவிரலைத் திரும்ப வரைந்து முடித்தார்.

"விரல் சரியாயிருச்சு," என்றார், தூரிகையை உதறிக்கொண்டே. "நான் ஒண்ணும் பாக்கல, மீஹன்."

சந்தைப் பெண்களிடம் யூலா அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீகேவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஆத்தங்கரையில ஒரு பொண்ணு காஞ்சுபோய் நிக்கிறா. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு அவளை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"அவளுக்குக் கோவம் வந்துட்டா?"

"புத்தாண்டுத் தண்ணிக்கு எவடி கோவப்படுவா?"

அதுதான் சட்டம். புத்தாண்டில் மேலே விழும் தண்ணீர் வாழ்த்து. அதற்கு முகம் சுளிக்கிறவர் போன வருஷத்துப் பீடையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம். அதிகாரி, ஓட்டல்காரர், தொலைக்காட்சிக்காரர், யாருக்கும் விலக்குக் கிடையாது.

புத்தாண்டு அன்று காலையில் கோயிலில் மணல் கோபுரம் கட்டி, புத்தருக்கு நீராட்டி, வாழை இலையில் வேகவைத்த வெல்லப் பணியாரத்தைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். ஓட்டல் வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. மாகாணத்துப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். கேமரா இருந்தது. மேனேஜரம்மா லுவோ அன்றைக்கென்று வாடகைக்கு எடுத்த லூ பாவாடை கட்டி, காதோரம் பூ வைத்திருந்தாள். சுவரில் அந்தப் பெண் ஒன்றரை மாடி உயரத்துக்குக் குடமும் மயிலுமாக நின்றாள்.

"சுய்! சுய்! சுய்!" என்ற தண்ணீர்க் கூச்சலோடு சந்தை திரண்டு வந்தது.

முன்னால் யூலா. கையில் வெள்ளிக் கிண்ணம், ஓர் இலைக் கொத்து. முறைப்படி சுவருக்கு எதிரே நின்று, கொத்தை நனைத்து, அந்தப் பெண்ணின் காலடியில் மெல்லத் தெளித்தாள். பதினெட்டு வயதில் களத்தில் ஈயை விரட்டாமல் உட்கார்ந்திருந்த பெண் அவளுக்கு அந்த முகத்தில் இன்னும் தெரிந்தாள்.

"நல்லாயிரு, தாயி," என்றாள்.

நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். கேமரா கிட்டே வந்தது. அப்போது மீகேவின் வாளி வந்தது. அதற்குப் பின்னால் எல்லா வாளிகளும் வந்தன.

முதலில் மயில் போனது; பச்சையும் நீலமுமாக ஒழுகிச் சாக்கடைக்குள் இறங்கியது. குடம் போனது. பாறையும் பாவாடையும் போயின. பெண்கள் எக்கி எக்கி வீசினார்கள். தண்ணீர் தொடை, இடுப்பு, மார்பு என்று ஏறியது. ஏறிய இடமெல்லாம் உடம்பின் பழுப்பும் ஆற்றின் நீலமும் கலந்து ஓடின. கை தட்டிக்கொண்டிருந்த மேனேஜரம்மாவின் கைகள் நின்றன.

"ஐயோ, நிறுத்துங்க! அது..."

கேமரா அவள் பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் ஒரு முழு வாளித் தண்ணீர் அவள் தலையில் கவிழ்ந்தது. காதோரத்துப் பூ மூக்கில் வந்து ஒட்டியது. பின்னால் காலி வாளியோடு யூஹன்.

"புத்தாண்டு வாழ்த்து, மேனேஜரம்மா!"

மேனேஜரம்மா கண்ணைத் துடைத்தாள். சுவரைப் பார்த்தாள். நனைந்து உடம்போடு ஒட்டிய தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள். எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருப்பது உறைத்து, சட்டென்று இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையில் அவள் கண் யூலாவின் கண்ணைச் சந்தித்தது. யூலா தோளிலிருந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டாள்.

மேனேஜரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அதிகாரியின் கையிலிருந்த பேசினைப் பிடுங்கி யூலாவின் முகத்திலேயே வீசினாள். தெரு வெடித்தது.

வாளிகள் ஓய்ந்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எந்தக் கை வீசிய தண்ணீரும் கழுத்துக்கு மேலே எட்டவில்லை. கழுத்துவரை கலங்கிய ஆறு. மேலே காய்ந்த முகம், அடக்கி வைத்த சிரிப்பு.

கூட்டத்தின் பின்னாலிருந்து போஹனின் குரல் கேட்டது. நாளெல்லாம் வாயைத் திறக்காதவன்.

"தண்ணி இப்பதான் சரியா இருக்கு."

மறுநாள் மேனேஜரம்மா மீன்கடைக்குத் தனியாக வந்தாள். கோட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது. ஒரு மீனையும் ஓர் உருண்டை ஒட்டரிசிச் சோற்றையும் தின்று முடித்தாள்.

"தலைமை ஆபீசுல சுண்ணாம்பு அடிக்கச் சொல்றாங்க. ஆனா ராத்திரி டிவியில பாத்துட்டுக் காலையிலேருந்து ஜனங்க அந்தச் சுவத்தப் பாக்கத்தான் வர்றாங்க. நான் அவங்களுக்கு என்ன சொல்லட்டும், அக்கா?"

யூலா அடுத்த மீனின் வயிற்றைத் திறந்தாள். "ஆத்துல நாங்க எல்லாரும்தானே குளிக்கிறோம். அவ எதுக்கு ஒண்டியா நிக்கணும்?"

கனான் மறுபடியும் சாரம் ஏறினார். இந்தமுறை எண்ணெய்ச் சாயம். யூலா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தபிறகுதான் தொட விட்டாள். களத்து முக்காலியெல்லாம் கிடையாது. கடையில் உட்கார்ந்து செதில் உரசிக்கொண்டே முகம் கொடுத்தாள்.

"தாடை ஒண்ணா, ரெண்டா?" மேலிருந்து கேட்டார் கனான்.

"ரெண்டு இருக்குல்ல? ரெண்டையும் போடு!"

"சுருக்கம்?"

"ஒண்ணு குறைஞ்சாலும் வாளிய எடுத்துட்டு வருவேன்."

பழைய முகத்தின் தலையில் பாவாடை முண்டாசாக ஏறியது. அதன் பக்கத்தில் இன்றைய யூலா, தலையில் அதே துணி. பிறகு மற்றவர்கள், ஒவ்வொருத்தியும் தலையில் தான் நெய்த பாவாடைக் கரையோடு. மீகேவ் தன் தங்கப்பல் தெரிந்தே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தபடி அரை நாள் நின்றாள். கழுத்தளவு ஆற்றில் ஒரு சந்தையே சிரித்துக்கொண்டிருந்தது.

இப்போதும் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு தேடி வருகிறவர்கள் உண்டு. "இங்க அந்தக் குளிக்கிற பொண்ணு படம் இருக்காமே?"

"அதோ."

"உடம்பு எங்கேம்மா?"

"தண்ணிக்குள்ள," என்பாள் யூலா. "மீன் வேணுமா?"

கடைசியாக மீகேவின் தங்கப்பல்லுக்குக் கனான் சாயம் வைத்த மாலை, யூலா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யூஹன் வந்து நின்றாள். தோளில் மாற்றுப் பாவாடை.

"என்னம்மா இவ்ளோ நேரம்? வெளிச்சம் போயிரும்."

இருவரும் துறையில் இறங்கினார்கள். கொஞ்சம் தள்ளிப் போஹன் எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. தண்ணீர் ஏறியது, துணி ஏறியது. கழுத்துவரை போனதும் யூஹன் பாவாடையைத் தலையில் சுற்றி முடிந்துகொண்டு, ஒரு கையால் அம்மாவின் முகத்தில் தண்ணீரை அடித்தாள்.

யூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.